பால்குடி மறக்கிற கிழமை

பண்டி வளர்க்கிற ஆக்களிட்ட, குட்டிகள் எப்ப சாகும் எண்டு கேட்டுப் பாருங்கோ. பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள் தாய் மேல படுத்துச் சாகும், இல்லாட்டி பால்குடி மறக்கப் பண்ணின கிழமை வயித்தால போய்ச் சாகும் என்பார்கள். நான் எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி.

எங்கட மாமி இரண்டு தாய்ப்பன்றி வைத்திருக்கிறா. மாமா கடலுக்குப் போறதை விட்ட பிறகு வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அந்தக் குட்டிகளில்தான் ஓடுது. ஒரு ஈற்றுக்கு ஒன்பது, பத்துக் குட்டி. அதில் நாலு போனால் அந்த மாதம் சீட்டுக்காசு கட்ட முடியாது. அதனால் தாயிட்ட இருந்து பிரிக்கிற அண்டைக்கே, குட்டிக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ, அன்ரிபயோட்டிக் பவுடரைத் தீனில் கலந்துவிடுவா. "இதைப் போட்டா வயித்தால போகாது பிள்ளை." அவ சொல்வது பொய்யில்லை. அந்தப் பவுடர் வேலை செய்கிறது. பிரச்சினையே அதுதான்.

வருத்தமில்லாத குட்டிக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள்தான் மிஞ்சிப் பெருகும். வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு மனிதருக்குக் கொடுக்கிற கொலிஸ்டினுக்கே அடங்காத ஒரு மரபணுவை, 2015 இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டுபிடித்தார்கள். இது எங்கட வீட்டுக்குத் தூரத்துக் கதை இல்லை. மாமாவுக்குச் சீனி வருத்தம். போன வருசம் காலில் வந்த புண்ணுக்கு முதல் கொடுத்த இரண்டு மருந்தும் கேட்கவில்லை. அது பண்டிக்கூட்டில் இருந்து வந்தது எண்டு நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கூடு கழுவுறவர் அவர்தான்.

'இயற்கை மாற்று' எண்டு தேடினால் உள்ளி, மஞ்சள், வேப்பிலை என்று ஒரு பட்டியல் வரும். உள்ளிக்குக் கிருமியை அடக்கிற குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஓரிடத்தில் பலன் தெரியும், இன்னோரிடத்தில் தெரியாது. பவுடருக்குப் பதிலாக ஒரு இலையைத் தேடுவதே பிழையான தொடக்கம் எண்டுதான் எனக்குப் படுகிறது. அந்தக் கிழமையில் குட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்குது எண்டு முதலில் பார்க்க வேணும்.

பால் குடிக்கிற குட்டியின் இரைப்பையில், பாலில் உள்ள வெல்லத்தை நல்ல பக்டீரியாக்கள் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்புத்தான் கெட்ட கிருமிக்குக் காவல். பால் திடீரெண்டு நின்றால் புளிப்பும் குறைந்துவிடும், குட்டியின் வயிறு தானாகப் போதிய அமிலம் சுரக்க இன்னும் கிழமைகள் வேணும். இந்த இடைவெளியில் மீன்தூளும் சோயாவும் நிறையப் போட்ட தீனைக் கொடுத்தால், சமிக்காத புரதம் குடலின் கீழ்ப்பக்கம் போய் ஈ.கோலைக்கு விருந்தாகும். பிறகு தண்ணியாகப் போகும், கண் உள்ளே போகும், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

ஆகவே செய்யக்கூடியது புளிப்பைத் திருப்பிக் கொடுப்பது. தீன் கொம்பனிகள் இதற்குத்தான் போமிக் அமிலம், சித்திரிக் அமிலம் கலந்து விற்கின்றன. மாமிக்கு நான் இதை விளங்கப்படுத்தினபோது அவ சிரிச்சா. "உது பழஞ்சோறுதானே!" உண்மைதான். நல்லா வெந்த சோற்றையும் தவிட்டையும் ஒரு கரண்டி தயிரோடு ஊறவிட்டால் அதே வகைப் பக்டீரியாதான் வேலை செய்யும். வெந்த அரிசி சிறுகுடலிலேயே சமித்துவிடுவதால் கீழே கிருமிக்கு மிச்சம் குறைவு. நாத்தம் மாறினால், பூஞ்சணம் கண்டால் அப்படியே கொட்டவேணும். கடைகளில் எடுக்கிற சாப்பாட்டு மிச்சம் மட்டும் வேண்டாம். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டது. அது வைரஸ், அதற்குப் பவுடரும் கேட்காது, பழஞ்சோறும் கேட்காது.

இரண்டாம் கிழமையில் இருந்தே கைப்பிடியளவு தீனைத் தாயோடு இருக்கும்போதே காட்டிப் பழக்குவது, மீன்தூளைக் குறைப்பது, காய்ந்த வைக்கோல், இரவில் ஒரு மின்குமிழ். எல்லாத்துக்கும் முதல், பிறந்த அண்டே எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததோ எண்டு பார்ப்பது. பன்றியில் நோயெதிர்ப்பு கருப்பைக்குள் கடத்தப்படுவதில்லை, சீம்பாலில்தான் வரும். ஒரு நாள் போனால் குடல் அதை உறிஞ்சாது. பிறகு எந்த மூலிகையைக் கொடுத்தும் அந்த நாள் திரும்பி வராது.

ஆனால் இதெல்லாவற்றையும் விடக் கூடப் பலன் தரக்கூடியது, இருபத்தெட்டு நாளில் பிரிக்காமல் முப்பத்தைந்து நாள் வரை தாயோடு விடுவது. அதுதான் மாமிக்குக் கஷ்டம். பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள். பால் நின்றால்தான் தாய் திரும்பச் சினைக்கு வரும். ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு கிழமை பின்னுக்குப் போகுது, பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தீனும் வேணும். வாங்க வாறவர் பவுடர் போட்ட குட்டிக்கும் போடாததுக்கும் ஒரே விலைதான் சொல்லுவார்.

டென்மார்க்கில் 2000 ஆம் ஆண்டளவில் குட்டிகளின் தீனில் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை நிறுத்தினபோது, வயிற்றோட்டம் கூடி, சிகிச்சைக்கான மருந்துப் பாவனை சில காலம் ஏறினது. பிரிக்கும் வயது, தீன், கூடு எல்லாவற்றையும் மாற்றித்தான் சமாளித்தார்கள். அங்கே பின்னால் அரசும் கூட்டுறவுகளும் நின்றன. மாமிக்குப் பின்னால் நிற்கிறது சீட்டுக்காரர்.

கடைசி ஈற்றில் ஒன்பது குட்டியில் ஒன்று போனது. இரண்டுக்கு வயித்தால போக, உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணி கொடுத்தோம். ஒன்றுக்குக் காய்ச்சல் வர, மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். அதுவும் அன்ரிபயோட்டிக்தான், வருத்தம் வந்த ஒன்றுக்கு மட்டும். ஒரு ஈற்றை வைத்து எதையும் சொல்ல ஏலாது எண்டதால் மாமிக்குக் கணக்கெழுத ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே தவிட்டு மூட்டை விலையை இரண்டுதரம் வெட்டித் திருத்தியிருக்கிறா.