அடிச்சட்டம்

கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஒன்பது சன்னல்கள். எல்லாம் நாலுக்கு நாலு. 1974இல் அப்பா வீடு கட்டியபோது செய்தவை. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீடு தெரியாது, காற்று மட்டும் வரும். அம்மாவுக்கு ஐம்பது வருடமாக இரவு அப்படித்தான். கீழே சாத்து, மேலே திற.

ஒரு கார்த்திகை மழையில் கிழக்கு அறைச் சன்னலின் கீழ்க்கதவு என் கையோடு வந்துவிட்டது. கீல் கதவிலேயே இருந்தது. கீலைப் பிடித்துக்கொண்டிருந்த சட்டத்தின் மரம்தான் இல்லை. விரலால் அழுத்தினேன், தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மற்றச் சன்னல்களையும் போய்ப் பார்த்தேன். எங்கோ ஒரு மூலையில் எல்லாமே எதையோ இழந்திருந்தன. ஒன்பதையும் மாற்றிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவை எடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதிலிருந்து மீள இரண்டு மாதம் ஆனது.

முதலில் யு.பி.வி.சி. சன்னல் போடுகிறவர் வந்து அளந்தார். மூன்று தடம் உள்ள, தள்ளித் திறக்கும் சன்னல். இரண்டு தடத்தில் கண்ணாடி, ஒன்றில் கொசுவலை. சதுர அடிக்கு 750 ரூபாய். ஒரு சன்னல் 16 சதுர அடி, ஒன்பதுக்கு 144. ஆக 1,08,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 19,440. நான் அங்கேயே கணக்கை முடித்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், "கம்பி எங்க கணக்குல வராதுங்க மேடம்" என்று அவராகவே சொன்னார். பழைய சன்னலில் கம்பி மரச்சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் போகும். இரும்பு கிரில் தனியாகச் செய்து சுவரில் பதிக்க வேண்டும். அது ஒன்பதுக்கும் 28,800. பழைய சட்டத்தை உடைத்தெடுத்து, சுவர் விளிம்பைச் சரிசெய்து, பூசிக் கொடுக்கக் கொத்தனார் கேட்டது 13,500. எல்லாம் சேர்த்து 1,69,740 ரூபாய். உடைத்த இடத்துக்கு வண்ணம் அடிப்பது இதில் இல்லை.

சன்னல் மாற்றப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சதுர அடி விலை என்பது சன்னலின் விலை இல்லை. வரி, கிரில், உடைப்பு, பூச்சு, வண்ணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்னொன்றும் யோசித்தேன். தள்ளித் திறக்கும் சன்னலை முழுக்கத் திறக்க முடியாது. ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். பாதி எப்போதும் மூடியே இருக்கும். 144 சதுர அடிக்குப் பணம் கொடுத்து 72 சதுர அடிக்குக் காற்று வாங்குகிறேன். சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்காற்று திரும்பும் ஊர் இது. அந்தக் காற்றுக்காகத்தான் அப்பா தெற்கேயும் கிழக்கேயும் ஐந்து சன்னல் வைத்தார். சன்னல் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் காலதர் என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தையோ வேடிக்கையையோ சொல்லாமல் காற்றைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் ஊரில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்.

யு.பி.வி.சி.யைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேருந்து ஓடும் சாலையை ஒட்டிப் படுக்கையறை இருப்பவர்களுக்கு அது தரும் அமைதியை மரச்சன்னல் தராது. கரையான் தொடாது. குளியலறைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. வாங்குகிறவர்கள் கண்ணாடியை மட்டும் தட்டிப் பார்க்காமல், சட்டத்தின் உள்ளே எஃகு வைத்திருக்கிறார்களா, எவ்வளவு கனம் என்று வெட்டுத்துண்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கீழ்த்தடத்தில் மழைநீர் வெளியேறத் துளை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அந்தத் துளை இல்லையென்றாலும், தூசி அடைத்துக்கொண்டாலும், சாரல் தண்ணீர் தடத்தில் நிரம்பி அறைக்குள்தான் வடியும். இரட்டைக் கண்ணாடி போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் நன்றாக யோசியுங்கள். குளிர்நாடுகளில் உள்ளே இருக்கும் சூட்டைக் காக்க அது வேண்டும். நம் வீட்டுக்குள் சூடு வருவது பெரும்பாலும் கண்ணாடியில் நேராக விழும் வெயிலால். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். மேற்குச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடும் ஒரு மூங்கில் தட்டி, உள்ளே போடும் கனத்த திரையைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும். திரை, வெயிலை உள்ளே விட்ட பிறகுதான் தடுக்கிறது.

தேக்கில் புதிதாகச் செய்தால் என்ன ஆகும் என்று மரவாடியில் கேட்டேன். மரக்கணக்கு எளிது. அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் சன்னலுக்குச் சுற்றுச்சட்டம் 16 அடி, நடுக்குறுக்கு 4 அடி, ஆக 20 அடி. நாலுக்கு மூன்று அங்குலச் சட்டம். பெருக்கினால் 240, வகுத்தால் 1.67 கன அடி. கன அடி 3,500 ரூபாய் என்றார்கள், நாட்டுத் தேக்குக்கு. சட்டத்துக்கு மட்டும் 5,800 ரூபாய்க்கு மேல் போகிறது. கதவு, கூலி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் அப்புறம். கூசாமல் விலை சொன்ன மரவாடிக்காரரே கடைசியில், "பழசு என்ன மரம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல அறிவுரை அதுதான்.

அம்மாதான் ஆசாரியை வரவழைத்தார். 1974இல் எங்கள் சன்னல்களைச் செய்தவர் அவருடைய அப்பா. இவர் அப்போது உளி எடுத்துக் கொடுக்கும் பதினாறு வயதுப் பையன். என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வந்தவர் அளவுநாடாவை வெளியே எடுக்கவே இல்லை. ஒரு பழைய திருப்புளியால் ஒவ்வொரு சன்னலையும் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டது. அடியில் வரும்போது சத்தம் மாறியது.

"பாப்பா, சன்னல் போவல. அடிச்சட்டம்தான் போயிருக்கு."

அவர் கணக்குப்படி, ஒன்பதில் இரண்டு சன்னல்கள் முழுக்கப் போய்விட்டன. மூன்றுக்கு அடிச்சட்டம் மட்டும். மீதி நான்குக்குக் கீலும் திருகும் மாற்றி, இழைத்து, வண்ணம் அடித்தால் போதும். உடல் முழுவதும் வேங்கை என்றார். ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே வைரம் பாய்ந்த மரம் ஐம்பது வயதுக்குக் கொஞ்சமும் தளராமல் இருந்தது. அதையா உடைத்து வீசப் போனேன் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அம்பது வருசம் போவாத அடிச்சட்டம் இப்ப ஏன் போச்சு?"

அவரே வெளியே அழைத்துப் போய்க் காட்டினார். சில வருடங்களுக்கு முன் சன்னல் திண்டுகளில் கிரானைட் பலகை பதித்திருந்தோம். துடைக்கச் சுலபமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். வெளிப்பக்கம் சரிவு கொடுக்காமல் மட்டமாகப் பதித்துவிட்டார்கள். போதாததற்கு, பலகையின் மேல்மட்டம் அடிச்சட்டத்தைவிட நூலளவு உயர்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது தண்ணீர் வெளியே வழிய இடமில்லாமல் மரத்தை நோக்கிப் போய் நின்றது. சன்ஷேடும் குட்டை. கம்பிகள் அடிச்சட்டத்தில் இறங்கும் குழிகளிலும் தண்ணீர் தேங்கியது. கடலோர உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். குழிக்குள் இடம் இல்லாதபோது மரத்தைப் பிளக்கும். பிளவில் இன்னும் தண்ணீர் இறங்கும். இதைச் சரிசெய்யாமல் நான் ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் புதுச்சன்னல் போட்டிருந்தால், அதே தண்ணீர் அதே இடத்தில் நின்று புதுப் பூச்சையும் சுவரையும் ஊறவைத்திருக்கும்.

ஆகவே முதல் செலவு சன்னலுக்கே இல்லை. கொத்தனார் வந்து கிரானைட் பலகைகளை எடுத்து வெளிப்பக்கம் சரித்துப் பதித்தார். மழை அடிக்கும் பக்கத்துச் சன்னல்களுக்கு மேல் சன்ஷேடை ஒட்டி ஒன்றரை அடித் தகரம் நீட்டினோம். அதற்கு 7,400 ரூபாய்.

மரத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது அம்மா பரணைக் காட்டினார். நான் மறந்தே போயிருந்தேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அம்மாவின் பிறந்த ஊரும் அங்கேதான். மாமா தோட்டத்தில் தாத்தா வைத்த பலாமரம் விழுந்தது. வருகிற விலைக்கு விறகாகத் தள்ளிவிடச் சொன்னார்கள், அந்த வாரம் ஊரெல்லாம் மரம் கிடந்ததால் விலையென்று ஒன்றும் இல்லை. மாமாவுக்கு மனசு வரவில்லை. ரம்பத்தில் கொடுத்துப் பலகையும் சட்டமுமாக அறுத்து, தங்கைக்கு ஒரு பங்கு என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இடையிடையே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கி, பதின்மூன்று வருடம் அது எங்கள் பரணில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா இப்போது இல்லை.

ஆசாரி ஒரு சட்டத்தை இறக்கி இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள். மஞ்சள் கிழங்கை நறுக்கியது போன்ற மஞ்சள். "பலா கரையானுக்கு லேசுல கொடுக்காது. வெளிறு இருக்கிற ஓரத்த மட்டும் கழிச்சிடணும்" என்றார். முழுக்கப் போன இரண்டு சன்னல்களுக்கும் மூன்று அடிச்சட்டங்களுக்கும் அது சரியாக வந்தது.

அடிச்சட்டம் மாற்றியதை நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கம்பிகளைக் கழற்றவே இல்லை. கொத்தனார் சட்டத்தின் அடியில் ஒரு வரி செங்கல்லைப் பெயர்த்து இடம் கொடுத்தார். ஆசாரி அழுகிய சட்டத்தைத் துண்டு துண்டாக எடுத்தார். கம்பி முனைகளில் இருந்த துருவைத் தட்டிச் சுரண்டி, சிவப்பு ஆக்சைடு பூசிக் காயவிட்டார். புதுச்சட்டத்தில் கம்பிக்குக் கம்பி குழி போட்டுக் கீழிருந்து மேலே தூக்கினார். எட்டுக் கம்பிகளும் எட்டுக் குழிகளில் ஒன்றாக ஏறின. கொட்டாப்புளியால் நான்கு தட்டு. சுவரோடு சுவராக மறையப்போகும் அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைத் தடவினார். படகுக்கும் மரத்துக்கும் பூசும் அந்தக் கருப்பு எண்ணெய் எங்கள் பக்கத்துச் சரக்கு. தோலில் பட்டால் கொப்பளிக்கும், அதனால் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குத்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் செலவைக் குறைக்க அவர் விடவில்லை. கீலும் திருகும் பித்தளை. இரும்புக் கீல் பாதி விலைக்குக் கிடைத்தது. "கடக்கரையில நாலு வருசத்துல துரு குடிச்சிடும். அப்பறம் திருகு கழல மாட்டாம மரத்தப் பேக்கணும்" என்றார். பித்தளையே வாங்கினேன்.

ஆசாரிக்கும் உதவியாளுக்கும் பதினெட்டு நாள் கூலி 34,200. கீல், தாழ்ப்பாள், கொக்கி, திருகு 9,400. வண்ணமும் எண்ணெயும் 6,000. கொத்தனார் 6,000. கழற்றித் துவைக்கக்கூடிய கொசுவலை 8,000. ரம்பக்காரருக்கு 1,000. தகரத்தோடு சேர்த்து 72,000 ரூபாய் ஆனது. பரணில் மரம் இல்லாதவர்களுக்கு இந்தத் தொகை பொருந்தாது என்று எனக்குத் தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஏறக்குறைய ஆறு கன அடி. அதைத் தேக்காகவே வாங்கியிருந்தாலும் 21,000 ரூபாய் கூடியிருக்கும், மொத்தம் 93,000. இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் தேடினால் அதிலும் குறையும். அங்கே போகும்போது ஆசாரியையும் திருப்புளியையும் கூட்டிப் போங்கள். வண்ணம் பூசிய பழைய மரத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு புதுச்சன்னலுக்கும் வண்ணம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணன் அனுப்பிய மரம் கண்ணுக்குத் தெரியட்டும் என்றார். தெளிந்த வார்னிஷ் மட்டும் பூசினோம். இப்போது ஒரு வருடம் ஆகிறது. வெளிச்சம் படப்பட பலா மஞ்சள் மாறித் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது, இன்னும் கருக்கும். இரவில் அம்மா கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறக்கும்போது, சட்டத்தில் கதவு படிந்து மறைத்திருந்த விரலகலம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் அறுத்த அன்றைய மஞ்சளாகவே தெரிகிறது.