புகைக்கு ஒரு வழி

அம்மா நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவள். தென்னை மட்டையும் பாளையும்தான் எங்கள் ஊரில் விறகு. காஸ் அடுப்பு வந்தபிறகும் அந்தப் புகை அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மார்கழி பிறந்தால் இழுப்பு வந்துவிடும். ஆகவே, அக்கா மகன் ஒருநாள், "மாமா, கொல்லை அறையில் லேசர் யந்திரம் போடப் போறேன்" என்றபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "புகை வருமா?" என்பதுதான்.

"வரும் மாமா. பலகையைச் சுட்டுத்தானே அறுக்குது!"

தடுக்கவும் மனசு வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் பேராவூரணி வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. எங்கள் தோப்பும் அதில் போனதுதான். வைத்த கன்று காய்க்கும்வரை பையன் என்ன செய்வான்? கொட்டாங்கச்சியிலும் பலகையிலும் பெயர் பொறித்து விற்கலாம் என்று கிளம்பினான்.

யந்திரம் டிரங்குப் பெட்டி அளவுதான். 40 வாட். கார்பன் டையாக்ஸைடு வாயுவிலிருந்து இந்தக் கதிரை 1964-ல் எடுத்துக் காட்டியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர் என்று பையன் பெருமையாகச் சொன்னான். யந்திரம் வாங்கியது சுலபமாக முடிந்தது. அதற்கு மூச்சுவிட வழி செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது.

இரண்டு காற்று வேண்டுமாம். ஒன்று ஊதுகிற காற்று. மீன்தொட்டிக்கு வைப்பது போன்ற சின்னப் பம்பு, கதிர் விழுகிற இடத்தில் ஊதிக்கொண்டே இருக்கும். "இதுவும் ஊதாங்குழல்தானா?" என்றாள் அம்மா. ஊதாங்குழல் தீயை மூட்டும். இது தீ பிடிக்காமல் அணைக்கும், லென்ஸில் கரி படியாமல் காக்கும். மெல்லிய பலகைக்கு அது போதும். கனத்த பலகைக்குக் கம்ப்ரஸர் வேண்டும். ஆனால் கடலோரத்து ஈரக் காற்றை அது அழுத்தும்போது தண்ணீரும் கூடவே வரும். அதை வடிக்கத் தனியாக ஒரு வடிகட்டி. நாங்கள் சின்னப் பம்போடு நிறுத்திக்கொண்டோம்.

மற்றது உறிஞ்சுகிற காற்று. கடைக்காரர் சமையலறைச் சுவர் விசிறி ஒன்றைக் கொடுத்தார். வெறும் சுவர் ஓட்டையில் அது நன்றாகத்தான் சுழலும். நீளக் குழாயையும் இரண்டு வளைவையும் மாட்டியதும் திணறிப் போயிற்று. பிறகுதான் நத்தைக் கூடு மாதிரி இருக்கும் புளோயர் வாங்கினோம். 4 அங்குலக் குழாயைக் கழற்றி 6 அங்குலம் போட்டோம். அளவில் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். குழாய் வாயின் பரப்போ இரண்டேகால் மடங்கு! புளோயரை யந்திரத்தின் பக்கம் வைக்காமல், குழாய் வெளியேறும் முனையில் வைத்தான் பையன். அப்படி வைத்தால் குழாயில் எங்காவது கீறல் இருந்தாலும் அறைக்காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே கசியாது. அண்டை வீட்டார் துணி உலர்த்தும் பக்கம் புகை போகாமல், குழாயை ஓட்டுக்கு மேலே உயர்த்தினோம்.

இவ்வளவும் செய்தும் அறையில் நெடி நின்றது. தூசி வரக்கூடாதென்று பையன் கதவு ஜன்னல்களையெல்லாம் இறுக மூடியிருந்தான். நாங்கள் இருவரும் புளோயரைச் சுற்றி நின்று விழித்தோம்.

திண்ணையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏண்டா, எல்லாத்தையும் சாத்திட்டுப் புகையைப் போன்னா எங்கேடா போகும்? எதிர் ஜன்னலைத் திறங்க!"

திறந்தோம். பையன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி யந்திரத்தின் இடுக்கில் பிடித்தான். புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே போயிற்று. வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் காற்று வேண்டும் என்பது புத்தகத்திலும் இருக்கிறதாம். அம்மா அதை அடுப்படியில் படித்திருக்கிறாள்.

மறுவாரம் ரெக்ஸின் பைகளில் பெயர் பொறிக்க ஒருவர் பெரிய ஆர்டரோடு வந்தார். பையன் முடியாதென்று சொல்லிவிட்டான். பி.வி.சி. பூச்சு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். யந்திரத்தின் இரும்பையே அரிக்கும், நெஞ்சை விட்டுவைக்குமா?

"நல்ல பணம்தான் மாமா" என்றான் என்னிடம். பிறகு திண்ணைப் பக்கம் பார்த்து, "அம்மாயி இருக்காங்களே" என்றான்.

அந்த அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி கட்டுவதாக அப்பா வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுவடை முடியட்டும் என்பார். நானும் வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னேன்.