புள்ளியும் பொறியும்

காவிரி பாயும் திருவையாற்றில், புஷ்ய மண்டபப் படித்துறைக்கு அண்மையில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். ஊரார் அவரைப் புலவரையா என்றே அழைப்பர். நன்னூலை மனப்பாடமாகக் கற்றவர். ஓலைச்சுவடி படிக்கவும் வல்லவர்.

பணியிலிருந்த காலத்தில், விடுமுறைதோறும் வயல்வெளிகளுக்குச் சென்று, உழவர் வாய்மொழியில் வழங்கும் சொற்களைக் கேட்டு அவர் குறிப்பேட்டில் எழுதிவந்தார். நாற்றங்கால், பரம்பு, தாளடி, மடை, பொலி, கருக்காய் என விரிந்த அத்தொகுப்பில் ஏறத்தாழ 1,200 சொற்கள் சேர்ந்தன. அச்சொற்களைத் தந்த முதியோர் பலர் இன்று இல்லை. ஏட்டையோ பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. அதனைக் கணிப்பொறியில் ஏற்ற எண்ணிக் கடையொன்றில் சில பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார். 'களம்' என்று எழுதியிருந்தது 'கலம்' என வந்தது. நெல் அடிக்கும் இடம் நெல் அளக்கும் அளவாய் மாறிவிட்டது! "இனி யானே கற்பேன்" எனத் துணிந்தார். அப்போது அவர்க்கு வயது 66.

தஞ்சையில் படிக்கும் பேரன் பழைய கணிப்பொறி ஒன்றைக் கொணர்ந்து வைத்தான். அதில் தமிழ்99 என்னும் விசைப்பலகையை அமைத்தான். அவ்விசைப்பலகை, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவாகி, தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. எழுத்துகளின் இடங்களைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிய பேரன், "தாத்தா, தட்டிப் பாருங்கள், தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது" என்று கூறி விடுதிக்குத் திரும்பினான்.

முதல் நாள் புலவரையா 'கா' என்னும் எழுத்தைத் தேடினார், காணவில்லை. உயிர் 12, மெய்வரிசை 18, ஒரு புள்ளி. இவற்றிற்கே முதன்மையாக இடமிருந்தது. 216 உயிர்மெய்களுக்கு எங்கே போவது? சலித்துப்போய்க் 'க'வைத் தட்டி, அடுத்து 'ஆ'வைத் தட்டினார். 'கா' தோன்றியது. மறுநாள் 'கெ' எழுதக் கொம்பைத் தேடி ஏமாந்தார். பின்னர்க் 'க'வை முன்னும் 'எ'யைப் பின்னும் தட்ட, கொம்பு தானே முன்வந்து நின்றது. கை கொம்பை முதலில் எழுதினும், ஒலியில் மெய் முன்னும் உயிர் பின்னுமே நிற்கும் என்று நாற்பது ஆண்டு மாணாக்கர்க்குக் கற்பித்தவர் அவர். அவ்விலக்கணமே இங்கு வழியாயிற்று.

ஒருநாள் 'பத்து' என எழுதுகையில் புள்ளியிட மறந்தார். ஆயினும் புள்ளி விழுந்தே இருந்தது. வியப்புற்றுப் 'பங்கு', 'வண்டி', 'கன்று' எனத் தட்டிப் பார்த்தார். ஒரே மெய் இரட்டித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வந்தாலும், பொறி தானே புள்ளியிட்டது. அவர்க்குச் சுவடிகள் நினைவிற்கு வந்தன. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதனால் முன்னோர் பெரும்பாலும் அதனை விட்டெழுதினர். படிப்போரே இடமறிந்து புள்ளியிட்டுப் படித்தனர். புலவர் செய்த அத்தொழிலைப் பொறியும் ஓரளவு செய்கிறது!

ஆனால் மறுவாரமே 'உதவவும்' என்று எழுத முயல, 'உதவ்வும்' என வந்தது. அழித்து எழுதினார், மீண்டும் அவ்வாறே வந்தது. இரட்டித்த எழுத்தைப் பொறி அறியும். பொருளை அறியாது என உணர்ந்தார். பல வகையில் முயன்று, முதல் வகரத்தின்பின் 'அ'வைத் தட்டி, பிறகு அடுத்த வகரத்தைத் தட்டினார். சொல் செவ்வையாக அமைந்தது. வகர மெய்யோடு அகரம் சேர்ந்ததே 'வ' என்பதைப் பொறிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது!

துன்பமும் நேராமலில்லை. ஒரு பிற்பகல் முழுதும் வருந்தி 42 சொற்களை எழுதி முடித்த வேளையில் மின்சாரம் நின்றது. எழுதியவற்றைச் சேமிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அனைத்தும் மறைந்தன. அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. பொறியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் எண்ணினார். விடியலில் ஏட்டைத் திறந்தார். முன்னாள் இருந்த பக்கத்தில் மேலும் ஒரு துளையைக் கண்டார். உடனே பொறியின்முன் அமர்ந்து அந்த 42 சொற்களையும் மீண்டும் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை சேமித்தார். முந்தைய நாள் ஒரு பிற்பகலை விழுங்கிய வேலை, அன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அழிந்தது எழுத்தே, கைப்பழக்கம் அழியவில்லை.

இத்தகைய உழைப்பு அவர் ஒருவர்க்கே உரியதன்று. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழரும் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு உலகோர்க்கு வழங்கினர்.

எட்டுத் திங்களில் புலவரையாவின் தொகுப்பு நிறைவுற்றது. அதன் படியொன்றைப் பேரன் கையில் கொடுத்தார். அவன் புரட்டிப் பார்த்து, "தாத்தா, கருக்காய் என்றால் என்ன?" என்று வினவினான். "மணி பிடிக்காத நெல்" என்றார் அவர். மாணவர்களே, தவறு நேருமென்று அஞ்சி முயலாதிருப்பவன் கல்வியும் அத்தகையதே.