ஆறாம் விரல்

நந்தனத்திலுள்ள நமது இல்லத்துக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்தான். இடக்கைச் சுண்டுவிரல் ஓரத்தில், மெல்லிய காம்பிலே தொங்கும் அரும்புபோல், ஆறாவதாக ஒரு விரல்! "அதிர்ஷ்டம் அய்யா, எடுத்துவிடாதீர்கள்! குடும்பத்துக்கு ஆகிவரும்" என்றார் எதிர்வீட்டு அம்மையார்.

நகைத்தோம். விரலுக்கும் வீட்டு வருவாய்க்கும் என்ன உறவு? கருவிலே கை உருவாகும் வாரங்களில் நேரும் சிறு மாறுதல். சில குடும்பங்களில் வழிவழி வருவது. எலும்பில்லாத் துணுக்கு, எளிதில் நீக்கலாம் என்று விரிவுரையே ஆற்றினோம். அம்மையார் வாயடைத்துப் போனார். வெற்றிப் பெருமிதத்தோடு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். அங்கேதான், தோழர்களே, தோற்றோம்!

கத்தரியை எடுத்தார் மருத்துவர். "மரத்துப்போக ஊசி போடவில்லையே, டாக்டர்?" என்று கேட்டாள் மகள். "பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாதம்மா, ஒரு நொடி வேலை" என்றார் அவர். அவள் மீண்டும் வாய் திறந்தாள். "சும்மா இரும்மா, படித்தவருக்குத் தெரியாதா?" என்று அடக்கினோம் நாம்! பெரியவர்களுக்குத் தெரியாதா, சாத்திரம் பொய்க்குமா என்போரை மேடைதோறும் சாடிய அதே நாக்கு! பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டதும் நாமே. முகம் கருஞ்சிவப்பாகி, மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வெடித்தது அலறல். வலி தெரியாத அலறலாம் அது!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தேடிப் படித்தோம், படிக்கப் படிக்கத் தலை கவிழ்ந்தது.

1985-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஜெஃப்ரி லாசன் என்னும் குறைமாதக் குழந்தைக்கு இதயத்தை ஒட்டிய நாளமொன்றை அடைக்க மார்பைத் திறந்தனர். தசைகளை அசையவொட்டாமல் கட்டும் மருந்து தந்தனர். வலிக்கு மருந்து தரவில்லை. குழந்தை சில வாரங்களில் மாண்டது. உண்மையைப் பின்னரே அறிந்த தாய் ஜில் லாசன் கேள்வி கேட்டார், ஊரறியக் கேட்டார். அது ஒருவர் செய்த பிழையன்று. சிசுவுக்கு வலியில்லை என்பது பல மருத்துவர்கள் பல்லாண்டு கொண்டிருந்த எண்ணம். நரம்புகளின் மேலுறை முற்றவில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். வளர்ந்த மனிதனிடமும் வலிச் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகளுள் பெரும்பகுதி உறையில்லாதவையே! நமக்கு வலிக்கவில்லையா?

அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த். அறுவைக்குள்ளாகும் குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஃபென்டனில் என்னும் வலியகற்றியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர் அவரும் அவருடைய குழுவினரும். அது பெறாத குழந்தைகளின் உடலில் நெருக்கடிச் சுரப்புகள் பொங்கின. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி. 1987-ல் லான்செட் ஏடு இதை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பச்சைக் குழந்தைகளுக்கு மயக்கமருந்து மறுக்கலாகாது என்றது.

"உடனே மறந்துவிடும்" என்பது அடுத்த ஆறுதல். டொராண்டோவில் நுனித்தோல் நீக்கும் சிறு அறுவைக்கு உள்ளான ஆண் குழந்தைகளைச் சில திங்கள் கழித்துத் தடுப்பூசியின்போது கவனித்தனர். 1997-ல் முடிவு வந்தது. மரத்துப்போகும் களிம்பு தடவப்பெறாதவர்களே மிகுதியாக அழுதனர். மனம் மறக்கலாம்; உடல் மறக்கவில்லை.

பெருஞ்செலவு கேட்கும் வேலையா இது? துணுக்கை நறுக்குமுன் அளவறிந்து போடும் சிறு மரப்பூசி. குதிகாலில் குத்திக் குருதி எடுப்பதென்றால், இரண்டு நிமிடம் முன்னதாக நாவிலே சில துளிச் சர்க்கரைக் கரைசல். தாயின் மார்பு, தோலோடு தோல் சேரும் அணைப்பு. தடுப்பூசியின்போது தாய்ப்பால் ஊட்டலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனமே 2015-ல் கூறியிருக்கிறது. மகள் கேட்டதில் என்ன தவறு கண்டோம்?

ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு உடன் சென்றோம். "பால் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், அப்படியே போடுங்கள், சிஸ்டர்" என்றாள் மகள். செவிலியர் சற்றுத் தயங்கி எம்மைப் பார்த்தார். நாம் வாய் திறக்கவில்லை. மூலையில் கிடந்த முக்காலியை எடுத்து வந்து அவள் அமரப் போட்டோம்.