மீளாதவர்க்கு ஒரு மலர்

போரைப் பூவின் பெயரால் வழங்கிய பண்பாடு தமிழருடையது. நிரை கவரச் சென்றோர் வெட்சி சூடினர். மண் கொள்ளப் புறப்பட்டோர் வஞ்சி அணிந்தனர். எதிர்நின்று பொருதோர் தும்பை மலைந்தனர். வென்றோர்க்கு வாகை வாய்த்தது. தொல்காப்பியர் இவற்றைத் திணைகளாகவே வகுத்துரைத்தார். இம்மலர்கள் போருக்குச் செல்வோரும் வென்றோரும் சூடியவை. மீளாதவர் பொருட்டு, எஞ்சியிருப்போர் அணியும் மலர் ஒன்று மேலைநாடுகளில் உண்டு. நவம்பர்த் திங்களில் இங்கிலாந்து, கனடா முதலிய நாட்டு மக்கள் மார்பில் குத்திக்கொள்ளும் செந்நிறப் பாப்பி மலரே அது.

நம் சமையலறைக்குக் கசகசாவைத் தரும் செடிக்கு இது நெருங்கிய உறவு, ஆயினும் அதுவன்று. ஐரோப்பிய வயல்களில் களையாகத் தானே முளைப்பது. இதன் நுண்ணிய விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மண் புரண்டு ஒளி பட்டால் விழித்தெழும். 1914-இல் மூண்ட முதல் உலகப்போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் நிலத்தை உழுதவை ஏர்கள் அல்ல, பீரங்கிக் குண்டுகள். பதுங்குகுழி வெட்டியும் பிணக்குழி தோண்டியும் மனிதன் மண்ணைப் புரட்டினான். பயிர் அழிந்த அந்நிலத்தில், புதைகுழிகளைச் சுற்றிச் செம்மலர்கள் பூத்தன. சிந்திய குருதியே பூத்ததோ எனக் கண்டோர் மயங்கியதில் வியப்பில்லை.

அவ்வாறு கண்டவருள் ஒருவர் கனடியப் படை மருத்துவர் ஜான் மெக்ரே. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் நகரின் அருகே ஜெர்மானியர் குளோரின் நச்சுப்புகையை ஏவினர். தொடர்ந்த கடும்போரில், மே 2 அன்று மெக்ரேயின் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மர் குண்டுபட்டு மாண்டார். அவருக்கு வயது 22. சமயகுரு அருகில் இன்மையால் மெக்ரேயே இறுதி மொழிகளைக் கூறி நண்பரை மண்ணுக்கு அளித்தார். அத்துயரில் பிறந்ததே ‘பிளாண்டர்ஸ் வயல்களில்’ என்னும் 15 அடிப் பாடல். அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் ‘பஞ்ச்’ இதழில் வெளிவந்து எங்கும் பரவிற்று. பாடியவரும் போரின் முடிவைக் காணவில்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவால் பிரான்சில் உயிர் நீத்தார்.

பாட்டில் பூத்த மலரை மார்பில் அணியச் செய்தவர் பெண்கள் இருவர். 1918 நவம்பர் 9. போர் ஓய இரண்டு நாள்களே இருந்தன. அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் நியூயார்க்கில் ஓர் இதழில் அப்பாடலைப் படித்தார். இம்மலரை என்றும் அணிவதென அப்பொழுதே உறுதி பூண்டார். கடை தேடிச் சென்று பட்டுத்துணி மலர்கள் வாங்கி, தாம் ஒன்று அணிந்து, உடனிருந்தோர்க்கும் வழங்கினார். பிரான்சு நாட்டு அன்னா கெரேன் அம்மையார் இன்னும் ஒரு படி சென்றார். பாழ்பட்ட ஊர்களின் பெண்கள் துணிமலர் செய்யட்டும். விற்ற பணம் கைம்பெண்களுக்கும் தந்தையிழந்த பிள்ளைகளுக்கும் சேரட்டும் என்றார். 1921-இல் பிரிட்டனின் முன்னாள் படைவீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜன் அவர் கருத்தை ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் 11 அன்று மலர்கள் விற்றுத் தீர்ந்தன. ஓர் இலட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. மறு ஆண்டில், உறுப்பிழந்த வீரர்களே மலர் செய்யும் தொழிற்கூடம் இலண்டனில் தோன்றிற்று. இறந்தோர் நினைவு கண்ணீரோடு நில்லாமல் இருப்போர்க்குச் சோறும் ஆயிற்று. இம்மலரின் பெருமை இதுவே என்பேன்.

எனினும் மெக்ரேயின் பாடல் பகையைத் தொடருமாறு ஏவி முடிகிறது. போரையே வெறுத்த பிரிட்டனின் கூட்டுறவு மகளிர் சங்கத்தார், 1933-இல் அமைதியின் சின்னமாக வெண்ணிறப் பாப்பியை அணியத் தொடங்கினர். நினைவுகூர்தல் போர்ப்புகழ்ச்சி ஆகிவிடலாகாது என்னும் அவர்தம் கவலை நியாயமானதே.

இக்கதையில் இந்தியர்க்கும் இடம் உண்டு. ஹெல்மர் மடிவதற்கு ஆறு நாள் முன்பு, அதே ஈப்ர் களத்தில், இந்தியப் படையின் லாகூர்ப் பிரிவினர் தக்க முகமூடியும் இன்றி நச்சுப்புகையில் சிக்கி மாண்டனர். ஹெல்மரின் கல்லறை பின்னர் அடையாளமின்றி அழிந்தது. அவர் பெயர் ஈப்ர் நகரின் மெனின் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே வாயிலில் 400-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்களும் உள்ளன. சாவு அவர்களிடையே நிறமும் நாடும் பார்க்கவில்லை. ஆனால் வாழ்வோரின் நினைவு பார்த்தது. அப்போரில் மாண்ட இந்தியர் ஏறத்தாழ 74,000 பேர். அவர்களுக்கென மக்கள் மார்பில் அணியும் மலர் நம் நாட்டில் வழக்கில் வேரூன்றவில்லை. செண்டுமல்லியை அவ்வாறு கொள்ளலாம் என்று அண்மை ஆண்டுகளில் கூறுவோர் உளர்.

தலைநகரில் வாழும் நாம் மாலைப்பொழுதில் இந்தியா கேட்டிற்குச் செல்கிறோம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து திரும்புகிறோம். 1931-இல் திறக்கப்பெற்ற அந்நினைவுச் சின்னத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. நடுகல்லில் பெயர் பொறித்துப் பீலி சூட்டியவர் வழிவந்த நாம், அடுத்த முறை செல்கையில் அப்பெயர்களுக்குரியோர் எங்குச் சென்றனர், எவர் பொருட்டு மடிந்தனர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. மலர் இல்லையேனும் குறையில்லை. மறதி இல்லாதிருந்தால் போதும்.