தலைக்கவசத்தில் ஒரு கண்

வீரச் செயல் புரிவோர் பலர். உடனிருந்து அதனை உலகுக்குக் காட்டுவோர் சிலரே. வானில் குதித்துக்கொண்டே படம் எடுப்போரை நினைக்குந்தோறும் நான் வியப்பில் ஆழ்கின்றேன். விமானத்தினின்று குதித்தவர் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் வீழ்கின்றார். உடலைக் காற்றில் நிலைநிறுத்தவே கைகால்கள் வேண்டும்; ஆதலின் காமிரா தலைக்கவசத்தில் இடம் பெறுகின்றது.

அதனைப் பொருத்துவது எளிய வேலையன்று. உறுதியான தகட்டின்மேல் திருகாணியால் இறுக்குதல் வேண்டும்; கழன்று விழும் சிறு கருவியும் கீழே நிற்பவருக்கு எமனாகலாம். துருத்தி நிற்கும் முனைகளை மூடி வழவழப்பாக்குதல் வேண்டும். இல்லையேல் விரியும் வான்குடையின் கயிறு அவற்றில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால், நொடியில் கவசத்தைக் கழற்றி எறியும் அமைப்பும் வேண்டும். கனம் ஒருபுறம் சாய்ந்தாலோ, குடை விரியும் அதிர்ச்சியைக் கழுத்து தாங்காது.

இவ்வளவும் செம்மையாக அமைந்தால் போதுமா? 200 முறையேனும் குதித்துப் பழகாதவர் காமிரா அணிதல் தகாது என்பது அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் அறிவுரை. படத்தில் ஊன்றிய மனம் பிறவற்றை மறந்துவிடும் அன்றோ! 1988ஆம் ஆண்டில் அந்நாட்டின் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், படம்பிடிக்கும் ஆர்வத்தில் வான்குடை அணியாமலே குதித்து உயிர் நீத்தார். பிறர் குடை விரிந்த காட்சியை அவருடைய காமிரா பதிவு செய்தது. அவருக்கோ விரிப்பதற்குக் குடையில்லை.

கருவியை இறுகப் பொருத்தத் திருகாணி உண்டு. கருத்தை இறுகப் பொருத்த விழிப்பொன்றே உண்டு.