சயாம் ரயிலும் என் தகரப் பெட்டியும்

தோட்டத்துக் கிராணியாகிய என்னிடம் பொன் இல்லை. ஒரு தகரப் பெட்டி உண்டு. சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய புத்தகங்களையும் புகைப்படங்களையும் சஞ்சிகைகளையும் பல ஆண்டுகளாக அதில் சேர்த்து வருகிறேன். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர்.

பெட்டியிலுள்ளவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. கைதிகளாயிருந்த சிப்பாய்கள் ஒளித்தெழுதிய குறிப்புகளிலிருந்து பிறந்தவை பல. மாண்ட கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களிற் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களிலும் பன்மடங்காய் மாண்ட ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டத் தமிழர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியார்; நாட்குறிப்பு எழுதி வைத்தாரில்லை. "கூலிகள்" என்னும் ஒரு சொல்லே அவர்தம் சரித்திரமாயிற்று.

லயத்து மூதாட்டி ஒருவரிடம், சயாமுக்குச் சென்று மீளாத அவர் தந்தையின் படத்தைக் கேட்டேன். "இருந்தது ஒன்றுதான் ஐயா; போகியன்று பிள்ளைகள் பழங்காகிதத்தோடு கொளுத்திவிட்டார்கள்" என்றார். அவர் சொல்லச் சொல்ல, தந்தையின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தேன். என் சேகரத்தில் விலைமதிப்பற்றது அதுவே.

தோழர்களே! போகித் தீயில் மூடப் பழக்கங்களை இடுங்கள்; முன்னோர் முகங்களை இடாதீர்கள்.